தயங்கும் வேட்பாளரை கேமரா முன்னால் உட்கார வைப்பது எப்படி?

வேட்பாளர்களுக்கு சமூக ஊடக வேலை பார்ப்பது என் தொழில். முதல் கூட்டத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஏதாவது உளறி, அது வைரல் ஆகிவிட்டால்?" இதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், நியாயமான பயம்தான். 2006-இல் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் ஆலன், தன்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்த எதிரணி இளைஞரை 'மகாக்கா' என்று இழிவாக அழைத்தார். அது யூடியூபில் பரவியது. சுமார் 9,000 வாக்குகளில் தோற்றுப்போனார்.

ஆனால் அந்த கேமரா யாருடையது என்று கூட்டத்தில் கேளுங்கள். எதிரணியுடையது! 2012-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி, 47 சதவீத மக்கள் அரசை நம்பியே இருப்பவர்கள் என்று சொன்ன பேச்சும் அப்படித்தான், நன்கொடையாளர் விருந்தில் அவருக்குத் தெரியாமல் பதிவானது. இணையத்திலிருந்து ஒதுங்கி இருந்தாலும் வீடியோ வரும். நம் பக்கத்திலிருந்து எதுவுமே இல்லாதபோது அது மட்டும்தான் வாக்காளர் கண்ணில் படும்.

அடுத்து, "சரி, போடலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான முடக்கம் இங்கேதான். வீடியோ சொதப்பினால் அதை எடுத்தவருக்குத் திட்டு விழும். "வேண்டாம், ரிஸ்க்" என்று தடுத்தவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் ஐந்து பேர் பார்க்க வேண்டிய இடத்தில் ஐந்து பேரும் ஆளுக்கொரு வரியை வெட்டுவார்கள். மூன்று நாள் கழித்து வருவது உப்புச் சப்பில்லாத வாழ்த்துச் செய்தியாக இருக்கும். எதை யார் கேட்டுப் போடலாம் என்று ஒரே தாளில் எழுதி வேட்பாளரிடமே கையெழுத்து வாங்குங்கள். கூட்ட நேரம், வாக்குச்சாவடி விவரம், ஏற்கனவே அறிவித்த வாக்குறுதிகளை எல்லாம் கேட்காமலே போடலாம். புதிய கருத்து என்றால் ஒரே ஒருவர், இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். நடக்கும் வழக்குகளையும் எதிராளியின் குடும்பத்தையும் தொடவே கூடாது.

முதல் வீடியோவுக்கு மேடைப் பேச்சை வெட்டி ஒட்டாதீர்கள். வாக்காளர் அனுப்பிய குரல் பதிவை ஓடவிட்டு, வேட்பாளரைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். எழுதிக்கொடுக்க வேண்டாம், தாளில் மூன்று சொற்கள் போதும். ஒன்றரை நிமிடம். இரண்டு முறை எடுங்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான் தேறும். வெட்டாத முழுப் பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். யாராவது பாதியை வெட்டிப் பரப்பினால் உடனே முழுசையும் போடலாம்.

விசித்திரமான கேள்விகளை ஒதுக்காதீர்கள். 2007-இல் அமெரிக்காவில் பொதுமக்கள் அனுப்பிய வீடியோக் கேள்விகளை வைத்து நடந்த சிஎன்என்–யூடியூப் விவாதத்தில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களிடம் புவி வெப்பமாதலைப் பற்றி ஒரு பனிமனித பொம்மை கேள்வி கேட்டது. இப்படிப்பட்ட விவாதத்துக்கு குடியரசுக் கட்சியில் சிலர் தயங்க, செப்டம்பரில் நடக்க இருந்த அவர்கள் விவாதம் நவம்பர் 28-க்குப் போனது. பனிமனிதன் கேட்டதால் யாரும் தேர்தலில் தோற்றதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்காக வேஷம் போடச் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் 'அமாங் அஸ்' என்ற வீடியோ கேம் விளையாடியதை ஒரே நேரத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஜாய்ஸ்டிக் பிடிக்கத் தெரியாதவரை உட்கார வைத்தால் பார்ப்பவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டை நம்பி இருக்காதீர்கள். 2019 முதல் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு 5 உரையாடல்களுக்குத்தான் அனுப்ப முடியும், அதிகம் சுற்றியது என்றால் 2020 முதல் ஒன்றுக்குத்தான். ஒருவரையொருவர் தெரிந்த சிறு குழுக்களில், தொண்டர்களே தங்கள் வார்த்தையில் எழுதட்டும்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வதாக இருந்தால் தேர்தல் செலவுக் கணக்கு, பிரசார ஓய்வு நேரம் (வாக்குப்பதிவுக்கு முன் பிரசாரம் செய்யக் கூடாத நேரம்) இரண்டையும் முதலில் விசாரியுங்கள். டிக்டாக் அரசியல் விளம்பரமே வாங்குவதில்லை.

தவறாக ஏதாவது போய்விட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் ஏற்கனவே எடுத்திருப்பார்கள். வேட்பாளரே அதே பக்கத்தில், அன்றைக்கே, ஒரு நிமிடத்தில் திருத்திச் சொல்லட்டும். காரணம் அடுக்க வேண்டாம்.

சில வாரம் போனால் தயங்கியவரே போனைப் பிடுங்கிக்கொண்டு பேச ஆரம்பிப்பார், நல்லதுதான். கடவுச்சொல்லை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள், முக்கியமாக ராத்திரி பத்து மணிக்கு மேல்.