தீவுக் காட்டுல புது மரம் கண்டா அதை முறைப்படி விவரிச்சு பேரு வைக்கிறது எப்படி

ஒரு மரம் அறிவியலுக்குப் புதுசா இல்லையாங்கிறது காட்டுல முடிவாகாது, ஹெர்பேரியத்துலதான் முடிவாகும், அதாவது காய வெச்ச செடிங்களைத் தாள்ல ஒட்டி வருஷக்கணக்கா சேத்து வெச்சிருக்கிற இடத்துல. மடகாஸ்கரோட தஹினா பனையை வெச்சே சொல்றேன், ஏன்னா இந்த வேலை எப்படி நடக்கும்னு அதுல நல்லாவே தெரியும்.

வடமேற்கு மடகாஸ்கர்ல முந்திரித் தோட்டம் பாத்துக்கிட்டிருந்த சேவியர் மெட்ஸ் கண்ணுல பட்ட பனை அது. உயரம் 18 மீட்டர் வரைக்கும் போகும், ஓலை ஒண்ணே 5 மீட்டர் அகலம். போட்டோவைப் பாத்தா அப்படியே நம்ம தாளிப்பனை, அதே மாதிரி ஒரே ஒருதடவை பூத்து காய்ச்சுட்டு செத்தும் போயிடும், ஆனா மடகாஸ்கர் காட்டுல தாளிப்பனையே கிடையாதே? லண்டன்ல இருக்கிற கியூ தாவரத் தோட்டத்து பனை நிபுணர் ஜான் டிரான்ஸ்ஃபீல்டு பூங்கொத்தோட அமைப்பைப் பாத்துத்தான் இது வேற கூட்டம்னு பிடிச்சாரு, டிஎன்ஏவும் அதையே சொல்லுச்சு, அதோட சொந்தபந்தமெல்லாம் அரேபியா பக்கமும் தாய்லாந்து, வியட்நாம், சீனாவுலயும் இருக்கு. 2008ல தஹினா ஸ்பெக்டாபிலிஸ்னு புது பேரினமாவே, அதாவது இனத்துக்கு மேல வர்ற பிரிவே புதுசா, வெளியாச்சு.

இதுலயே முதல் விஷயம் வந்துடுச்சு. இலையை மட்டும் நம்பாதீங்க, பூவும் காயும் வேணும். இல்லைன்னா பூக்கிற சீசனுக்குத் திரும்பப் போங்க, அவசரப்படாதீங்க.

போறதுக்கு முன்னாடியே அந்த நாட்டு அனுமதி வாங்கிடணும், உள்ளூர் தாவரவியல்காரங்களைக் கூட்டாளியா சேத்துக்கணும், தஹினா கட்டுரையிலயும் மடகாஸ்கர்காரரான ஆராய்ச்சியாளர் மிஜோரோ ரகோட்டோஅரினிவோ இருக்காரு. எடுக்கிற சாம்பிள்ல ஒரு செட் அந்த நாட்டு ஹெர்பேரியத்துலயே இருக்கணும், இதுல சமரசமே கூடாது.

மரத்துகிட்ட நின்னு எழுத வேண்டியது காஞ்சப்பறம் காணாமப் போற விஷயங்களை. பூவோட நிறம், வாசனை, பட்டையை லேசா கீறினா வர்ற பாலோ பிசினோ, மொத்த உயரம், தரையிலேந்து 1.3 மீட்டர் உயரத்துல தண்டோட விட்டம், மண், ஜிபிஎஸ் புள்ளி. பனைன்னா இன்னும் கஷ்டம், ஓலை எந்தத் தாள்லயும் அடங்காது, அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே காம்பு நீளம், மடல் எத்தனைன்னு அளந்து போட்டோ எடுத்துட்டு, அப்பறம் அடி, நடு, நுனின்னு துண்டு எடுத்து எந்தத் துண்டு எங்கேந்து வந்துதுன்னு சீட்டு கட்டி வைங்க. நியூஸ்பேப்பர் நடுவுல வெச்சு பிரஸ் பண்ணுங்க, தீவுல ஈரம் ஜாஸ்தி, பேப்பரை தினமும் மாத்தலைன்னா பூஞ்சை பிடிச்சிடும். சில பூவை ஆல்கஹால்ல போட்டா அதோட உருவம் கெடாது, கொஞ்சம் இளம் இலையை சிலிக்கா ஜெல்ல போட்டு காய வெச்சா டிஎன்ஏக்கு ஆகும். மரம் கொஞ்சமாத்தான் இருக்குன்னா தேவைக்கு மேல ஒரு கிளைகூட ஒடிக்காதீங்க.

அப்பறம்தான் நிஜமான வேலை, ஒப்பிடுறது. அந்தப் பேரினத்துல ஏற்கனவே பேரு வெச்ச எல்லா இனத்தோட டைப் மாதிரியையும், அதாவது அந்தப் பேருக்கு ஆதாரமா வெச்சிருக்கிற சாம்பிளையும் பாக்கணும், நிறைய இப்ப ஆன்லைன்லயே ஸ்கேனா கிடைக்குது. பக்கத்துத் தீவுல வேற பேர்ல இருக்கலாம், எப்பவோ யாரோ கொண்டுவந்து நட்ட மரமாக்கூட இருக்கலாம். நிழல்ல வளந்ததும் வெயில்ல வளந்ததும் ஒரே இனத்துலயே இலை வேறவேற சைஸ்ல இருக்கும், அதனால பல மரத்தை அளந்து இத்தனையிலேந்து இத்தனை வரைக்கும்னு எழுதுங்க, ஒரு மரத்தை வெச்சு ஒரு இனத்தை நிறுத்தினா நாளைக்கு நிக்காது.

எழுதறப்ப ரொம்ப முக்கியம் ஒப்பீட்டுக் குறிப்பு, இன்ன இனத்தை ஒத்திருக்கு, ஆனா இந்த இந்த விதத்துல வேறன்னு ரெண்டு மூணு வரி. முன்னாடி லத்தீன்ல எழுதியே ஆகணும், 2012 ஜனவரி 1லேந்து இங்கிலீஷ்லயும் எழுதலாம், ஐஎஸ்எஸ்என் (ISSN) எண் உள்ள ஆன்லைன் இதழ்ல பிடிஎஃப்பா வந்தாலும் செல்லும். ஹோலோடைப், அதாவது புதுப் பேருக்கு நீங்க ஆதாரமா வைக்கிற சாம்பிள் எதுன்னு ஒரே ஒரு மாதிரியைக் காட்டி, எந்த ஹெர்பேரியத்துல இருக்குன்னும் சொல்லணும், இது இல்லைன்னா அந்தப் பேரே செல்லாது. பின்னாடி யாருக்கு சந்தேகம் வந்தாலும் போய் பாக்கப் போறது அந்த மாதிரியைத்தான்.

பேரு வைக்கிறப்ப லத்தீன் இலக்கணம் பாருங்க, மரப் பேரினங்கள் பலதும் பெண்பால்தான், அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா ஆனது அதனாலதான், ரிலிஜியோசஸ் இல்ல. உங்க பேரையே வைக்க வேண்டாம், அந்த ஊர் மக்கள் சொல்ற பேரையோ ஊர் பேரையோ வைக்கிறது எனக்குப் பிடிச்ச வழி.

கட்டுரையிலயே ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) முறைப்படி அழிவு நிலை என்னன்னும் மதிப்பிட்டு எழுதிடுங்க. தஹினா வெளியானப்ப காட்டுல நூறு மரம்கூட கிடையாது, அதனால பக்கத்து ஊர்க்காரங்களோட சேந்து விதை சேகரிச்சு வித்து, அந்தப் பணம் ஊருக்கே போற மாதிரி ஏற்பாடு பண்ணாங்க. அரிய மரம்னா சேகரிக்கிறவங்க தேடி வருவாங்க, அதனால சரியான ஜிபிஎஸ் புள்ளி ஹெர்பேரியம் பதிவுல இருக்கட்டும், அச்சுல பக்கத்து ஊர் பேரு மட்டும் போதும்.