வேர்முடிச்சு நல்லதா கெட்டதா: நகத்தால் நெம்பிப் பாருங்கள்

பள்ளிப்பட்டு, நகரி, சத்தியவேடு பக்கம் செம்மண்ணில் வேர்க்கடலையோ காராமணியோ போட்டவர்கள், வேரில் முடிச்சைக் கண்டதும் மருந்துக்கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பல நேரம் அந்த முடிச்சுதான் பயிருக்குச் சோறு போடுவது.

விதைத்த 35–40ஆம் நாளில், மண் ஈரமாக இருக்கும்போது, வயலில் ஐந்தாறு இடங்களில் செடி எடுங்கள். கையால் இழுத்தால் நல்ல முடிச்செல்லாம் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். களைக்கொட்டால் அரை அடி தோண்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசுங்கள்.

பிறகு நகத்தால் நெம்புங்கள். நல்ல முடிச்சு, அதாவது காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரியின் முடிச்சு, வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். சட்டென்று கழன்றுவிடும், வேருக்கு ஒன்றும் ஆகாது. பிளேடால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்த நிறமிக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. உள்ளே பச்சையாக இருந்தால் வயதாகிவிட்டது. 40 நாளிலும் வெள்ளையாகவே இருந்தால் தழைச்சத்து பிடிக்கவில்லை.

கெட்டது நூற்புழு முடிச்சு. வேருக்குள் புகும், கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற மண்புழுதி அளவுப் புழு போடுவது அது, கழலாது. அங்கே வேரே வீங்கியிருக்கிறது. நெம்பினால் வேர்தான் அறும்.

இரண்டுமே செல் பெருகி வந்த வீக்கம்தான். முதலாவதில் எத்தனை முடிச்சு, எவ்வளவு பெரிது என்பதைச் செடியே அடக்கி வைக்கிறது. இரண்டாவதில் புழுவின் எச்சில் பட்ட சில செல்கள் ராட்சத அளவுக்கு ஊத, சுற்றியுள்ளவை கண்டபடி பெருகி, நீரேற்றும் குழாய்களை நெருக்கிவிடுகின்றன. மண்ணில் ஈரம் இருந்தும் மத்தியான வெயிலில் செடி துவளுவது இதனால்தான்.

காராமணியில் ஒரே வேரில் இரண்டும் இருக்கும், ஒரு முடிச்சை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

நல்ல முடிச்சு குறைவா? அடுத்த போகத்தில் ஹெக்டேர் விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறின கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரைமணி உலர்த்துங்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை என்றால் ஒருநாள் விட்டுப் பூசுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு பிடிக்காது.

நூற்புழு முடிச்சென்றால் நிற்கிற பயிரில் பெரிதாகச் செய்வதற்கில்லை. கோடை உழவில் மண்ணைப் புரட்டிக் காயவிட்டு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். அடுத்ததாகத் தக்காளி, கத்திரி, வெண்டை வேண்டாம். துலுக்கச் சாமந்தி போடலாம்.

வேரில் வீக்கமே இல்லாமல் கடலைக்காய் மட்டும் கறுத்துச் சிறுத்தால் அது காளஹஸ்தி நோய். 1970களில் காளஹஸ்தி வட்டாரத்தில் கண்டது. அதுவும் நூற்புழுதான், ஆனால் முடிச்சுப் போடாத இனம். அதற்குத் திருப்பதி-3 ரகம் தாக்குப்பிடிக்கும்.