முதல் கட்டளை மட்டும் காணாமல் போகிறதா?

கணினியில் ஓடும் பைத்தான் நிரலிலிருந்து ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்கு அனுப்பும் முதல் கட்டளைக்கு மட்டும், போர்டில் இணைத்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அசையாமல் இருக்கும். இரண்டாவதற்கு ‘டிக்’ என்று விழும். யூ.எஸ்.பி. கேபிளைச் சந்தேகித்து ஒரு மாலைப்பொழுதையே வீணடித்தேன். கேபிள்மீது பழியில்லை. பைத்தானின் சீரியல் தொடர்பு நூலகமான பைசீரியல், போர்ட்டைத் திறந்ததுமே ஊனோ ரீசெட் ஆகிறது. பூட்லோடர் (போர்டில் முதலில் ஓடும் சிறு நிரல்) முடிந்து, போர்டில் நாம் ஏற்றிய நிரல் எழுவதற்குள் அனுப்பியதெல்லாம் வீண்.

திறந்தபின் 2 விநாடி பொறுத்தால் போதும். எனக்குப் பிடித்த வழி வேறு: போர்டு நிரலில் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் செட்அப் பகுதியின் கடைசி வரியில் போர்டே ஒரு ‘தயார்’ செய்தி அனுப்பட்டும், அது வந்த பிறகே பைத்தான் பேசட்டும். டைம்அவுட் (காத்திருப்பதற்கான கால வரம்பு) கட்டாயம் கொடுங்கள், இல்லையேல் செய்தி வராதபோது பைத்தான் நிரல் அங்கேயே காத்துக் கிடக்கும்.

ரீசெட்டே வேண்டாமா? ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் செருகுங்கள், நேர்முனை ரீசெட் பக்கம். புது நிரல் ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும்.