கடலோரச் சிற்றூரில் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு

நாகப்பட்டினம், நாகூர், வேளாங்கண்ணி போன்ற கரையோர ஊர்களில் ஒரு வீட்டில் குழந்தை இல்லை என்பது தெரு முழுக்கத் தெரிந்த செய்தியாக இருக்கும். ஆகவே தத்தெடுக்கும் எண்ணத்தை நீங்கள் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே யாராவது ஒருவர் வந்து, "தெரிந்த இடத்தில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, பெற்றவளுக்கு வளர்க்க வழியில்லை, பேசி முடித்துவிடலாமா?" என்று கேட்கக்கூடும். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துவது. சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைச் சட்ட நடைமுறைக்கு வெளியே கொடுப்பதும் வாங்குவதும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். குழந்தை விலைபேசப்பட்டால் தண்டனை 5 ஆண்டு வரை கடுங்காவலாக உயரும். மருத்துவமனைப் பணியாளர் அதில் ஈடுபட்டிருந்தால் 3 முதல் 7 ஆண்டுகள்.

அந்தத் தாய்க்கு உதவ விரும்பினால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவரிடம் கொடுங்கள். அவர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள அவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் இத்தகைய தாய்மாரை மனத்தில் கொண்டு வந்ததுதான். அவ்வாறு ஒப்படைக்கப்படும் குழந்தை உங்களுக்கே வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது பொது வரிசையில் இருப்பவர்களுக்குச் செல்லும், அதுவே நியாயமும் ஆகும்.

அந்த வரிசையில் சேர, மத்திய தத்துவள ஆதார ஆணையத்தின், அதாவது காராவின், இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கணினி பழக்கமில்லாதவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நேரில் அணுகலாம். மணமானவர்கள் குறைந்தது 2 ஆண்டு இணைந்து வாழ்ந்திருக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்டால் இருவரின் வயதைக் கூட்டினால் 85க்கு மேற்படக் கூடாது, தனியாக விண்ணப்பிப்பவருக்கு 40க்கு மேற்படக் கூடாது. மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் ஆண், பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனியாக வாழும் ஆணுக்குப் பெண் குழந்தை தரப்படாது.

மதம் தடையா என்று இந்தக் கரையில் அடிக்கடி கேட்கிறார்கள். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் உண்டு. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளராக மட்டுமே ஆக முடியும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியே எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாக்கியது.

ஆவணங்களில் மீனவக் குடும்பங்களுக்குத் தடுமாற்றம் தருவது வருமானச் சான்று. கடலுக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளச் சீட்டு கிடையாது. மீன்பாடு இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் மூலம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருமணச் சான்றிதழும் அப்படித்தான்: கோயிலிலோ மாதா கோயிலிலோ ஊர் கூடி நடந்த திருமணம் பல வீடுகளில் பதிவாகாமலே இருக்கிறது. அடுத்து சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இல்ல ஆய்வு செய்வார். அதற்குக் கணவன் மனைவி இருவரும் இருந்தாக வேண்டும். விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இந்த வேலைகளுக்கு மிகப் பொருத்தமான காலம். வீடு சிறியது என்று கூச்சப்பட வேண்டாம். வருகிறவர் சுவரின் வண்ணத்தைப் பார்க்க வரவில்லை, குழந்தையை யார் குளிப்பாட்டுவார்கள், இரவில் யார் விழிப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வருகிறார்.

பிறகு காத்திருப்பு. கைக்குழந்தை கேட்பவர்களுக்கு அது ஆண்டுக்கணக்கில் நீளும். சற்று வளர்ந்த பிள்ளையை ஏற்க மனமிருந்தால் காலம் குறையும். ஊராரின் பேச்சுக்கு அஞ்சி அதை மறுக்கிறவர்கள் இன்னொரு முறை யோசிக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு குழந்தையின் விவரம் உங்களுக்கு அனுப்பப்பட்டால், 48 மணி நேரத்துக்குள் அதை உறுதி செய்ய வேண்டும். கணவர் ஆழ்கடலில் இருக்கும்போது கைப்பேசிக்குச் சமிக்ஞை எட்டாது. ஆகவே பதிவின் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் கரையில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும், என்ன முடிவெடுப்பது என்பதை இருவரும் முன்னமே பேசி வைத்திருக்கவும் வேண்டும்.

காப்பகத்திலிருந்து குழந்தையை அழைத்துவரப் போகும்போது, அது படுத்துப் பழகிய ஒரு துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் சில இரவுகளில் அந்த மணம் செய்யும் வேலையை எந்தத் தாலாட்டும் செய்யாது. எந்தப் பால்மாவு, எந்த நேரம், எப்படித் தட்டினால் தூங்கும் என்பதையும் அங்குள்ள ஆயாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்பு நீதிமன்றம் பிறப்பித்த தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அதன்பின் உங்கள் பெயரைப் பெற்றோராகக் கொண்ட பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். 2 ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து குழந்தையைப் பார்த்துச் செல்வார்.

ஆட்சியரின் ஆணை தராத ஒன்றை உறவினர்தான் தர வேண்டும். அது உறவுமுறை. காதுகுத்தின்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் முன்வந்துவிட்டால், அதன்பின் தெருவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் அண்ணனிடமோ தம்பியிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். "யார் பெற்ற பிள்ளையோ" என்று முணுமுணுக்கும் பெரியவர்களுக்கு நாகையின் கதையையே நினைவூட்டலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்குள்ள அன்னை சத்யா அரசு காப்பகத்தில் வளர்ந்தார்கள்; பேரலைக்குப் பின் நாகை ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. இராதாகிருஷ்ணன், பல ஆண்டுகள் கழித்து அங்கே வளர்ந்த பெண்ணின் திருமணத்தைத் தந்தையாக முன்னின்று நடத்தினார்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெருநகரத்தில் வேண்டுமானால் மறைத்துவிடலாம். நம் ஊரில் நீங்கள் சொல்லாவிட்டால் மீன் வாங்க வந்த ஒருவர் சொல்லிவிடுவார், அதுவும் இரக்கம் கலந்த குரலில். மூன்று, நான்கு வயதிலேயே, "அம்மாவும் அப்பாவும் உன்னைத் தேடி வண்டியேறி வந்தோம்" என்று அழைத்து வந்த நாளின் கதையாகச் சொல்லத் தொடங்குங்கள். 18 வயதுக்குப் பின் தன் வேர்களைத் தேடிக் குழந்தை தானே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னர் என்றால் நீங்களும் உடன் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாளுக்காக தத்து ஆணையின் நகல், முதல் ஒளிப்படம், அந்தப் பழைய துணி ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு உயரமான இடத்தில் வைத்திருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இதே கரையில்தான் ஏறியது என்பதால், ஆணையின் இன்னொரு நகலைக் கடலிலிருந்து தள்ளி வசிக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.