சவுக்கு நாற்றுக்கு வேர்முடிச்சுக் கரைசல்

மொரீஷியஸின் பெல் மார் கடற்கரைப் பவள மணலில் பிலாவோ, அதாவது நம் சவுக்கு, உரமே இல்லாமல் ஓங்கி வளர்கிறது. அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பிராங்கியா என்ற பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குத் தருகிறது. கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. குளிர்நாட்டு ஆல்டர் மர வேரிலும் பிராங்கியாதான், ஆனால் அது வேறு வகை, சவுக்கில் ஒட்டாது. பயறுக்கு விற்கும் ரைசோபியம் பாக்கெட்டும் இதற்கு வீண்.

ஆகஸ்டில் விதையுங்கள். காய்ந்த காய்களைத் துணியில் பரப்பினால் இறக்கை வைத்த விதைகள் தானே உதிரும். தட்டில் பரப்பிய கழுவிய மணலில் தூவி, மேலே மெல்லிய மணல் போர்வை போதும். எறும்பு தூக்கிப் போகும்; தட்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். நீர் தேங்கினால் தண்டு அடியில் அழுகிச் சாயும். நாற்று 5 செ.மீ. ஆனதும் தொட்டிக்கு மாற்றலாம்.

இனி முடிச்சு. வளர்ந்த மரத்தடியில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, மேல்மண்ணை 10–15 செ.மீ. மெதுவாகக் கிளறுங்கள். ஏமாறுவது இங்கேதான். பவளம்போல் கிளைத்த கட்டி, அதன் நுனிகளிலிருந்து மேல்நோக்கி நீளும் மெல்லிய வேர்கள்: அதுதான் முடிச்சு. வேரே உருண்டு வீங்கியிருந்தால் நூற்புழு வேலையாக இருக்கலாம். பாட்டில் பிரஷ்போல் அடர்ந்த சிறுவேர்க் கொத்தும் முடிச்சல்ல. நுனி வெளிறி, நறுக்கினால் உள்ளே கெட்டியாக இருப்பதை எடுங்கள். கறுத்துப் பொடிவது கிழடு.

10 கிராம் முடிச்சை மண் போகக் கழுவி, அம்மியிலோ உரலிலோ நசுக்கி, 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். குழாய்த் தண்ணீரானால் முந்தைய இரவே திறந்து வைத்துவிடுங்கள், குளோரின் போகட்டும். நசுக்கியதும் சாறு பழுப்பாகும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் பாக்டீரியாவைக் கெடுக்கும். ஆகவே உடனே ஊற்றிவிட வேண்டும். வேரருகே பென்சிலால் துளையிட்டு, நாற்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி.

மரத்தடி மண்ணையே அள்ளிக் கலப்பது சுலபம். ஆனால் வாடல் நோயும் நூற்புழுவும் இலவச இணைப்பாக வரும்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாற்றை மண்ணோடு கவிழ்த்துப் பாருங்கள். வேரில் கடுகளவு வெளிர் புடைப்பு தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால், பெரும்பாலும் யூரியாதான் காரணம்: சும்மா கிடைக்கும் நைட்ரஜன் இருக்கும்போது செடி விருந்தாளியைச் சேர்க்காது. புளிப்பு மண்ணும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவும் அடுத்த சந்தேகங்கள். மண்ணைச் சரிசெய்து, புதுக் கரைசலை மறுபடி ஊற்றுங்கள்.

ஜனவரி மழையில் 30 செ.மீ. நாற்றை நடலாம். வேர் ஆழம் போகாத இடத்தில் புயலுக்குச் சாயும் மரம் இது. வீட்டுச் சுவரோரம் வேண்டாம்.