ஊழியம் விட்ட அத்தானின் பி.எஃப். பணம்

அத்தான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளினாக (போதகர்; 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்கள்) இருந்து ஊழியத்தை விட்டவர். போதகருக்குத் தரும் வீடான பார்சனேஜைக் காலி செய்தாயிற்று. வாடகை வீட்டு அட்வான்ஸுக்கு பி.எஃப்.தான் கதி. க்ளெய்ம் போகவில்லை, வேலையை விட்ட தேதி பதிவாகவில்லையாம். அதைப் பதியச் சொல்லி ஆஸ்பத்திரி ஆபீஸுக்கு நாலு நடை. "கமிட்டி கூடட்டும் ஐயரே."

கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் கழிந்தால் பி.எஃப். உறுப்பினர் போர்ட்டலில் 'மேனேஜ்', 'மார்க் எக்ஸிட்' போய் நாமே தேதி போடலாம். போட்டோம். ஓ.டி.பி. வரவில்லை. ஆதாரில் இருந்தது பார்சனேஜ் செல்போன் எண். அந்த போன் புது ஐயரின் மேஜை டிராயரில்!

ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றினோம், ஆவணமே கேட்கவில்லை. தேதியும் கடைசிச் சந்தா மாதத்துக்குள் இருக்க வேண்டும். அப்படிப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. க்ளெய்ம் உள்ளே போய்விட்டது. அப்பாடா.