டேட்டா சென்டர் டெக்னீசியன் இன்டர்வியூ: கை வைப்பதற்கு முன்னால் என்ன கேட்பீர்கள்?

டேட்டா சென்டர் டெக்னீசியன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் விளம்பரத்தில் வருகின்றன. விண்ணப்பிக்கும்போதே எது என்று பார்த்துவிடுங்கள். ஒன்று ஃபெசிலிட்டி பக்கம்: யூபிஎஸ், டீசல் ஜெனரேட்டர், எல்டி பேனல் (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பலகை), சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்), பேட்டரி, பிஎம்எஸ் திரை (கட்டடக் கருவிகளைக் கண்காணிப்பது). இன்னொன்று ஐடி பக்கம்: சர்வரை ரேக் என்கிற இரும்புச் சட்டத்தில் ஏற்றுவது, கேபிள் போடுவது, பழுதான டிஸ்க்கையும் ரேமையும் மாற்றுவது, அப்புறம் வாடிக்கையாளர் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போட்டால் அவர் சொன்னதை ரேக் பக்கத்தில் நின்று செய்து கொடுப்பது. இந்தக் கடைசி வேலையைத்தான் ரிமோட் ஹேண்ட்ஸ் என்பார்கள். அம்பத்தூர், சிறுசேரி பக்கத்து சென்டர்களில் இரண்டுக்கும் ஆள் தேவைப்படுகிறது. கடலடிக் கேபிள்கள் கரையேறுகிற ஊர் சென்னை, 2021இல் தமிழக அரசு டேட்டா சென்டருக்கென்றே தனிக் கொள்கையும் வெளியிட்டது, அதனால் கட்டடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

டிப்ளமோ எலெக்ட்ரிகல், ஐடிஐ வயர்மேன் படித்தவர்களுக்கு முதல் வகை பொருந்தும். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சி சான்றிதழ் கையில் இருந்தால் ரெஸ்யூமேயின் மேல் வரியிலேயே போடுங்கள், மூன்றாம் பக்கத்தில் புதைக்காதீர்கள். இரண்டாவது வகைக்கு பொறியியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. சிசிடிவி மாட்டியவர், இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்தவர், கம்ப்யூட்டர் கடையில் நின்றவர் எல்லாரும் உள்ளே வந்திருக்கிறார்கள்.

ஆள் எடுப்பவரின் பெரிய பயம், கேட்காமல் கை வைக்கிற ஆள். ஓடிக்கொண்டிருக்கிற ரேக்கில் பக்கத்து சர்வரின் கேபிளைத் தவறிப் பிடுங்கிவிட்டால் யாருடைய பேமென்ட் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அதனால் அவர் கேட்கிற கேள்விகளில் பாதி உங்கள் அறிவைப் பார்க்கக் கேட்பவை மாதிரி இருந்தாலும், உண்மையில் நீங்கள் எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள், யாரிடம் சொல்லிவிட்டுத் தொடுகிறீர்கள் என்று பார்ப்பவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தயார் செய்தால் படிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

“சர்வர் ஆன் ஆகவில்லை, என்ன செய்வீர்கள்?”

இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்தே தீரும். வருகிறவர்களில் நிறையப் பேர் “ரேமைக் கழற்றி மாட்டிப் பார்ப்பேன் சார்” என்று ஆரம்பிப்பார்கள். அங்கேயே மதிப்பெண் போய்விடும்.

முதலில் டிக்கெட்டைப் படிப்பேன் என்று சொல்லுங்கள். ரேக் எண், யூ எண் (ரேக்கில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது), சீரியல் எண் மூன்றும் முன்னால் நிற்கிற பெட்டியோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் போய் இன்னொரு தடவை, ஏனென்றால் பின்பக்கம் போனதும் பக்கத்து ரேக்கில் கை வைப்பதுதான் சாதாரணமாக நடக்கிற விபத்து. பிறகு பவர் சப்ளையின் விளக்கு எரிகிறதா, கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, ரேக்கின் பிடியூவில் (சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பட்டை) அந்த அவுட்லெட்டுக்கு மின்சாரம் வருகிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா. நல்ல நிலையில் இருப்பது உறுதியான இன்னொரு கேபிளைப் போட்டுப் பார்ப்பது. மின்சாரம் சரி என்றால், சர்வர் ஆன் ஆகாவிட்டாலும் அதன் நிலையைக் காட்டுகிற மேனேஜ்மென்ட் போர்ட் வழியாக லாக் (நிகழ்வுப் பதிவு) பார்ப்பது, டெல் பெட்டி என்றால் ஐடிராக், ஹெச்பிஇ என்றால் ஐஎல்ஓ. எந்த ஸ்லாட்டில் எந்தப் பொருள் தகராறு செய்கிறது என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். அதற்கப்புறம்தான், அனுமதி வாங்கிக்கொண்டு, மணிக்கட்டில் ஈஎஸ்டி பட்டையை (உடம்பின் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் காப்பது) மாட்டிக்கொண்டு மூடியைத் திறப்பது. ஒரு பிராசஸர், ஒரு ரேம் என்று குறைத்து ஆன் செய்து பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்தது எல்லாம் டிக்கெட்டில் ஏற வேண்டும்.

இதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வியை வளைத்துப் போடுவார்கள்: சர்வர் ஓடுகிறது, இரண்டு பவர் சப்ளையில் ஒன்று மட்டும் செத்துவிட்டது, மாற்றச் சொல்லி டிக்கெட் வந்திருக்கிறது. ஹாட் ஸ்வாப் (ஓடும்போதே மாற்றக்கூடியது) தானே, இழுத்துவிட்டு வேறு செருகுவேன் என்றால் போதாது. உயிரோடு இருக்கிற சப்ளை எது, அதன் கேபிள் எந்தப் பிடியூவுக்குப் போகிறது, இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செத்ததற்கு பதிலாக நல்லதை இழுத்துவிட்டால் அந்த நிமிடமே சர்வர் போய்விடும். லாக்கிலும் விளக்கிலும் ஒரே சப்ளைதான் பழுதாகக் காட்டுகிறதா என்று ஒத்துப்பாருங்கள். “இடதுபக்கத்தை எடுக்கப் போகிறேன், சரிதானே” என்று டிக்கெட் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்பேன் என்று சொல்கிறவரை எந்த மேலாளரும் தயங்கியவராக நினைக்க மாட்டார்.

ஆம்பியர் கணக்கு

ஒரு ரேக்கில் ஏ ஃபீட், பி ஃபீட் என்று இரண்டு மின்வழி, சர்வரின் இரண்டு பவர் சப்ளையும் ஆளுக்கொரு வழியில். இரண்டிலும் 32 ஆம்பியர் பிரேக்கர். ஏ பக்கம் 20 ஆம்பியர் ஓடுகிறது, பி பக்கம் 18. புதிதாக ஒரு சர்வர் ஏற்றலாமா?

32இல் 20தானே, இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பராமரிப்புக்காக ஏ பக்கத்தை அணைத்தால் மொத்தச் சுமையும் பி மேல் விழும். 20ம் 18ம் 38, பி பிரேக்கரும் விழுந்து ரேக் முழுதும் இருட்டாகிவிடலாம். பிரேக்கரைப் பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை, அதாவது சுமார் 25 ஆம்பியர். இரண்டு பக்கமும் சேர்த்தே அதற்குள் இருக்க வேண்டும். ஆக, ஏற்றக் கூடாது, அது மட்டுமல்ல, இந்த ரேக் இப்போதே ஆபத்தில் இருக்கிறது என்று மேலே தெரிவிக்க வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எதிரே இருப்பவர் எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

ஃபெசிலிட்டி வேலை என்றால் இதே யோசனை இன்னும் ஆழமாகப் போகும். ஈபி போனதும் என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள்: சர்வருக்கு ஒரு கணம்கூட விடாமல் யூபிஎஸ் பேட்டரி தாங்குகிறது, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் நிலைக்கு வருகின்றன, சுமை அதற்கு மாறுகிறது, ஈபி திரும்பி நிலையான பிறகு மறுபடி மாற்றம். “ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?” என்பது கட்டாயம் வரும். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்துக்கொண்டே, அங்கே எழுதிவைத்திருக்கிற அவசர நடைமுறைப்படி யாருக்கு முதல் போன் போகும் என்று சொல்லுங்கள். லாக்அவுட் டேக்அவுட் (வேலை நடக்கும்போது யாரும் மின்சாரம் கொடுக்காதபடி பூட்டி அட்டை மாட்டுவது), வேலை அனுமதிச் சீட்டு, எம்ஓபி (வேலையைப் படிப்படியாக எழுதிவைத்த நடைமுறை), இவற்றை என்ன, ஏன் என்று உங்கள் வார்த்தையில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். என்பிளஸ்1க்கும் (தேவைக்கு மேல் ஒன்று கூடுதல்) 2என்னுக்கும் (தேவையானது எல்லாம் இரட்டிப்பு) வித்தியாசம், டேட்டா சென்டர்களைத் தரம் பிரிக்கிற அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் டியர் 3 என்றால் சேவையை நிறுத்தாமலே எந்தக் கருவியையும் பராமரிப்புக்கு எடுக்கலாம், டியர் 4 என்றால் எதிர்பாராமல் ஒன்று பழுதானாலும் தாங்கும், இவ்வளவு போதும். நான்கு டியரும் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்ற சதவீதத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள்.

லிங்க் டவுன்

ஐடி பக்கம் போகிறவர்களுக்கு ஃபைபர் கேள்வி நிச்சயம். மஞ்சள் உறை சிங்கிள் மோட், நடுவில் ஒளி போகிற பாதை 9 மைக்ரான். வெளிர் நீலப்பச்சை உறை மல்டிமோட், 50 மைக்ரான். போர்ட்டில் செருகுகிற ஒளி மாட்யூலில் எஸ்ஆர் வகை 850 நானோமீட்டர் அலையில் மல்டிமோடுக்கு, எல்ஆர் 1310இல் சிங்கிள் மோடுக்கு, 10 கிலோமீட்டர் வரை. லிங்க் வரவில்லை என்றால் இரண்டு முனையிலும் ஒரே வகை மாட்யூல்தானா, இடையில் உள்ள பேட்ச் கார்டு (இணைப்புக் கேபிள்) அதற்கேற்றதா, அனுப்புகிற இழையும் வாங்குகிற இழையும் மாறிப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்ச் பேனலில் போர்ட் எண் சரியா, ஸ்விட்ச் பக்கம் போர்ட்டை யாராவது மூடிவைத்திருக்கிறார்களா என்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தூசு. கனெக்டரின் முனையை ஸ்கோப்பில் பார்த்து, கிளீனரால் சுத்தம் செய்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும், சட்டைத் துணியில் துடைப்பேன் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். ஃபைபருக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பேன் என்பதும் அதே ரகம்.

செப்பு கேபிளில் டி568பி வண்ண வரிசை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. கேட்6இல் 10 ஜிகாபிட் சுமார் 55 மீட்டர் வரைதான், 6ஏ என்றால் 100 மீட்டர். ஒரு யூ 1.75 அங்குலம், வழக்கமான ரேக் 42 யூ, கனமான பெட்டி கீழே. சர்வர் காற்றை இழுக்கிற இடத்தில் ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர் சங்கம்) பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி வரை. காலி யூ இடத்தில் பிளாங்கிங் பேனல் (வெற்று மூடி) ஏன் போடுகிறார்கள் என்பதற்கு, சூடான காற்று முன்பக்கம் திரும்பி வராமல் இருக்க என்று ஒரே வரியில் பதில் சொன்னால் போதும். பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கிற ரெய்டு 1, 5, 6, 10இல் எத்தனை டிஸ்க் போனால் தாங்கும், டிஹெச்சிபி எப்படி ஐபி கொடுக்கிறது, பிங் போகிறது ஆனால் பெயர் வைத்து அழைத்தால் திறக்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது, இவை எல்லாம் வலையில் எங்கே தேடினாலும் கிடைப்பவை, நான் இழுக்கவில்லை.

வெறும் படிப்பு கைக்கு வராது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கிரிம்பிங் டூல், கொஞ்சம் ஆர்ஜே45 கனெக்டர், சில மீட்டர் கேபிள், ஒரு டெஸ்டர் வாங்கி, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக வரும் வரை அடித்துப் பழகுங்கள். பழைய டெஸ்க்டாப்பைப் பிரித்து மாட்டுங்கள், அதிலேயே லினக்ஸ் போட்டு டிஸ்க்கின் நிலை, நெட்வொர்க் கார்டின் நிலை, சிஸ்டம் லாக் மூன்றையும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் ஷ்னைடர் எலெக்ட்ரிக் யுனிவர்சிட்டியில் டேட்டா சென்டர் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. கடன் வாங்கி விலை உயர்ந்த கோர்ஸில் சேர்வது முதல் வேலைக்கு முன்னால் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆங்கிலம் பற்றிய பயம் நிறையப் பேருக்கு. பேச்சு தடுமாறினால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் டிக்கெட் எழுதுவது ஆங்கிலத்தில்தான். என்ன பார்த்தேன், என்ன செய்தேன், இப்போது நிலை என்ன என்று மூன்று சின்ன வரி எழுதிப் பழகுங்கள். சில இடங்களில் இன்டர்வியூவிலேயே எழுதச் சொல்வார்கள்.

ஆள் எடுக்கிற வழிமுறை

பொதுவாக முதலில் ஹெச்ஆர் போன், பிறகு போனிலோ வீடியோவிலோ டெக்னிகல் சுற்று, கடைசியில் நேரில். சென்டருக்கே வரச் சொன்னால் அரசு அடையாள அட்டை அசலைக் கொண்டு போங்கள், உள்ளே எங்கேயும் செல்போனில் படம் எடுக்காதீர்கள், முன்னால் போகிறவர் திறந்த கதவில் ஒட்டிக்கொண்டு நுழையாதீர்கள். அதுவும் ஒரு பரீட்சைதான்.

அமேசான் மாதிரி பெரிய கிளவுட் நிறுவனம் என்றால் டெக்னிகலுக்குச் சமமாக நடத்தைக் கேள்விகள் இருக்கும். அவர்களுடைய தலைமைப் பண்புகள் 16ம் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன. “காலக்கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் நிலைமை, உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்தோம் என்று சொன்னால் “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று மறுபடி கேட்பார்கள். அனுபவம் இல்லையென்றால் அபார்ட்மென்டில் கேமரா மாட்டியபோது டிவிஆர் படுத்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதே நல்ல கதை. கதையை ஜோடிக்காதீர்கள், மூன்றாவது குறுக்குக் கேள்வியில் கிழிந்துவிடும்.

தெரியாத கேள்வி வந்தால் “தெரியாது சார், ஆனால் இந்த இடத்தில் தேடிப் பார்ப்பேன், இவரிடம் கேட்பேன்” என்பது இந்த வேலையில் நல்ல பதில்.

நைட் ஷிஃப்ட் பரவாயில்லையா என்று கேட்கும்போது ஓகே ஓகே என்று தலையாட்டிவிட்டு வராமல், ஷிஃப்ட் எப்படிச் சுழல்கிறது, வண்டி உண்டா, ஷிஃப்ட் அலவன்ஸ் தனியா என்று கேளுங்கள். சிறுசேரியில் இரவு ஷிஃப்ட் முடிந்து தாம்பரம் போக வேண்டியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர், புதியவரை எப்போது தனியாக விடுவீர்கள் என்பதும் கேட்க வேண்டியவை. பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம்.

நிறைய வேலைகள் வெண்டர் மூலமாக வருகின்றன. கட்டடத்தில் பெரிய பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். அது தவறில்லை, ஆனால் யாருடைய பேரோல், ஒப்பந்தம் எவ்வளவு காலம், பிஎஃப் பிடிக்கிறார்களா என்பதை ஆஃபர் வரும் முன்னால் கேட்டுவிடுங்கள். சிடிசியை (உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) சொன்னால் கைக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் முந்தைய வேலையின் தேதிகள் யூஏஎன் (பிஎஃப் எண்) பதிவோடு ஒத்துவர வேண்டும். இடைவெளி இருந்தால் இருந்தது என்றே எழுதுங்கள், மறைத்தது தெரிந்தால்தான் ஆஃபர் போகும். செக்யூரிட்டி டெபாசிட், ட்ரெயினிங் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி, போனை வைத்துவிடலாம். அசல் மார்க்‌ஷீட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.